போலந்துக்குச் செல்லும் நம் பிள்ளைகள்: இனவெறுப்பும் அன்றாடப் பாதுகாப்பும்

மேற்படிப்புக்கும் வேலைக்கும் போலந்து செல்லும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். வீசா கைக்கு வந்த மகிழ்ச்சியோடு பெற்றோருக்குக் கவலையும் வந்துவிடுகிறது. "நிறத்தைப் பார்த்து அடிப்பார்களாமே, உண்மையா? மகள் ஹிஜாப் அணிந்து வெளியே போக முடியுமா? ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் இருக்கிறதா?" இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்று பூசி மெழுகுவதும் சரியல்ல, 'அங்கே போகவே கூடாது' என்று அச்சுறுத்துவதும் சரியல்ல.

சுருக்கமான பதில் இதுதான். ஐரோப்பாவில் கொலைக் குற்றங்கள் குறைவாக நடக்கும் நாடுகளில் போலந்தும் ஒன்று. பெரும்பாலானோர் ஒரு தாக்குதலையும் சந்திக்காமல் படித்து முடித்துத் திரும்புகிறார்கள். அதே வேளையில், நிறத்தையும் மார்க்கத்தையும் குறிவைத்த வசைகளும் சில தாக்குதல்களும் அங்கே நடந்திருப்பது உண்மை. எதைப் பொருட்படுத்தாமல் நகர வேண்டும், எதைக் காவல்துறையிடம் கொண்டுபோக வேண்டும் என்ற வேறுபாட்டை நம் பிள்ளைகள் விமானம் ஏறும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

600 ஆண்டு முஸ்லிம் வரலாறு

போலந்து என்றாலே கத்தோலிக்க நாடு என்றுதான் நாம் அறிந்திருக்கிறோம். மக்கள்தொகை 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். அதில் முஸ்லிம்கள் சில பத்தாயிரம் பேர்தான். ஆனால் அங்கே இஸ்லாம் நேற்று வந்ததல்ல.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனியப் பேரரசின் ஆட்சியாளர் விட்டோல்டு, தாத்தார் முஸ்லிம்களைத் தம் நாட்டில் குடியமர்த்தினார். குதிரைப்படை வீரர்களாகச் சேவை செய்த அவர்களுக்குத் தங்கள் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமை கிடைத்தது. பின்னர் லித்துவேனியாவும் போலந்தும் ஒரே அரசாக இணைந்தன. 1679இல் போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி, படைச்சேவைக்கு ஈடாகத் தாத்தார்களுக்கு நிலங்களை வழங்கினார். அவற்றில் க்ருஷின்யானி, போஹோனிகி என்ற இரு சிற்றூர்கள் இன்றும் நாட்டின் வடகிழக்கில், பெலாரஸ் எல்லையருகே இருக்கின்றன. அங்குள்ள மரத்தாலான பழைய பள்ளிவாசல்களைப் போலந்து அரசு 2012இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது.

1925இல் போலந்து முஸ்லிம்களின் சமய ஒன்றியம் நிறுவப்பட்டது. 1936இல் இந்த ஒன்றியத்துக்கும் அரசுக்கும் இடையிலான உறவை வரையறுக்கும் தனிச்சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. இன்று அங்கே தொழச் செல்லும் மாணவர், யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடத்தில் தொழவில்லை. நூற்றாண்டுகளாக நிலைபெற்ற ஒரு சமூகத்தின் உரிமையில் பங்குகொள்கிறார்.

ஏன் வெறித்துப் பார்க்கிறார்கள்?

போலந்துக்குப் போய்வந்த பலரும் சொல்லும் முதல் அனுபவம், டிராமிலும் கடையிலும் தங்களையே உற்றுப் பார்க்கிறார்கள் என்பது. சிறு நகரங்களில் இது இன்னும் அதிகம். இதன் பின்னணியில் ஒரு சோக வரலாறு இருக்கிறது.

1939க்கு முன் போலந்து மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் யூதர், உக்ரேனியர், பெலாரஸ்யர், ஜெர்மானியர் முதலிய சிறுபான்மையினர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் சுமார் 30 லட்சம் போலந்து யூதர்களைக் கொன்றொழித்தார்கள். போருக்குப்பின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. ஜெர்மானியர் மேற்கே வெளியேற்றப்பட்டார்கள். உக்ரேனியரில் பெரும்பாலோர் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். அடுத்து 1989 வரை கம்யூனிச ஆட்சி. வெளிநாட்டினர் வருவதே அரிது. இப்படி இரண்டு தலைமுறையினர் ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே மதம் கொண்ட அண்டை வீட்டாரை மட்டுமே கண்டு வளர்ந்தார்கள். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2007இல் ஷெங்கன் எல்லைக்குள்ளும் போலந்து இணைந்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

ஆகவே ஒரு மூதாட்டி பேருந்தில் நம் பிள்ளையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் அதைப் பகையாக எண்ண வேண்டியதில்லை. தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் அங்கே குறைவு. முகம் இறுக்கமாக இருப்பதால் மட்டும் வெறுப்பு என்று பொருளாகாது. "ஜின் தோப்ரே" என்று போலிஷ் மொழியில் வணக்கம் சொன்னால் பல முகங்கள் இளகிவிடும்.

வெறுப்பு வளர்ந்த விதம்

அறியாமையால் பார்ப்பது வேறு. வளர்க்கப்பட்ட வெறுப்பு வேறு. 2015இல் சிரியா அகதிகள் ஐரோப்பாவுக்கு வந்தபோது போலந்தில் தேர்தல் நேரம். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த யாரொஸ்வாவ் கச்சின்ஸ்கி, அகதிகள் வழியாக நோய்களும் ஒட்டுண்ணிகளும் பரவக்கூடும் என்று பிரசாரத்தில் பேசினார். நேரில் ஒரு முஸ்லிமைக்கூடச் சந்தித்திராத பலரின் மனதில் முஸ்லிம் என்றாலே ஆபத்து என்ற படிமம் பதிந்தது.

பள்ளிவாசல்களும் தப்பவில்லை. 2013 அக்டோபரில் க்தான்ஸ்க் நகரப் பள்ளிவாசலின் கதவுக்குத் தீ வைக்கப்பட்டது. 2014 கோடையில் க்ருஷின்யானி பள்ளிவாசல் சுவரில் பன்றியின் உருவம் வரையப்பட்டது. 2017 நவம்பரில் வார்சாவின் முஸ்லிம் கலாசார மையத்தின் ஜன்னல்கள் உடைக்கப்பட்டன.

நமக்கு நெருக்கமான நிகழ்வு ஒன்றும் உண்டு. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அங்கே படித்த இந்திய மாணவர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட, அண்டை நாடுகளுக்கு ஓடி வந்தார்கள். போலந்து அவர்களை வீசா இல்லாமலேயே உள்ளே அனுமதித்தது. எத்தனையோ போலந்துக் குடும்பங்கள் எல்லைக்கே உணவும் போர்வையும் கொண்டுவந்தன. அதே நாட்களில் எல்லையோர நகரமான ப்ஷெமிஷ்லில் தேசியவாத இளைஞர் கும்பல்கள், கறுப்பு நிறத்தவரையும் ஆசியரையும் துரத்தின. இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள். ஒரே ஊரில், ஒரே வாரத்தில் இரண்டு முகங்களும் வெளிப்பட்டன.

2025 ஜூலையில் பல நகரங்களில் குடியேற்றத்துக்கு எதிரான ஊர்வலங்கள் நடந்தன. ஜெர்மனி எல்லையருகே சில குழுக்கள் தாங்களாகவே ரோந்து சுற்றின. அரசியல் சூடாகும் காலங்களில் தெருவின் சூடும் ஏறும் என்பதை நம் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும்.

கபரஸ்தானில் கிடைத்த இடம்

2021 முதல் பெலாரஸ் எல்லைக் காடுகள் வழியாகப் போலந்துக்குள் நுழைய முயன்ற சிரியா, ஈராக், யேமன் நாட்டவர் பலர் குளிரிலும் சதுப்பிலும் சிக்கி மாண்டார்கள். உறவினர் யாரும் அருகில் இல்லாத அந்த மய்யித்துகளில் சிலவற்றைப் போஹோனிகி தாத்தார் ஜமாஅத்தினர் தங்கள் கபரஸ்தானில் ஜனாஸா தொழுது அடக்கம் செய்தார்கள். சிறிய ஜமாஅத், முன்பின் அறியாத மனிதர்கள். ஆயினும் தம் கடமையை அவர்கள் தட்டிக் கழிக்கவில்லை.

போலந்து மக்களுக்கும் அகதி வாழ்க்கை புதிதல்ல. 1942இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்து மக்களுக்கு முஸ்லிம் நாடான ஈரான் அடைக்கலம் தந்தது. ஆதரவற்ற குழந்தைகள் பலர் இஸ்ஃபஹான் நகரில் வளர்க்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் குஜராத்தின் ஜாம்நகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி ஏற்று வளர்த்தார். அவர் நினைவாக வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. போலந்து நண்பர்களோடு பேச நம் பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம்.

சட்டம் யார் பக்கம்?

போலந்து அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடை செய்கிறது. 53ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. நாடு தழுவிய ஹிஜாப் தடை எதுவும் அங்கே இல்லை. 2013இல் தடைபட்டுப்போன மதமுறை அறுப்பு, அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என 2014 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

குற்றவியல் சட்டத்தில் மூன்று பிரிவுகளை அறிந்திருப்பது நல்லது:

• 119ஆம் பிரிவு: இனம், தேசியம், மதம் காரணமாகத் தாக்கினாலோ மிரட்டினாலோ 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.
• 256ஆம் பிரிவு: இன, மத வெறுப்பைப் பொதுவெளியில் தூண்டுவது குற்றம்.
• 257ஆம் பிரிவு: ஒருவரை அவரது இனம், மதம் காரணமாகப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது குற்றம்.

அதாவது, டிராமில் ஒருவன் ஹிஜாபைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாலே புகார் செய்யலாம். அடிபட்டால்தான் குற்றம் என்பதில்லை. இவற்றை அரசுத் தரப்பே வழக்காக நடத்தும்.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

• வெள்ளி, சனி இரவுகளில் மது அருந்திவிட்டுத் திரியும் கும்பல்களிடமிருந்து விலகி இருங்கள். வாக்குவாதம் வேண்டாம். பதிலுக்குப் பதில் பேசி வெல்வதைவிட வீடு சேர்வது முக்கியம்.
• கால்பந்துப் போட்டி நாட்களில் மைதானத்தைச் சுற்றியும், ரசிகர்கள் கூட்டமாக ஏறும் ரயில் பெட்டிகளிலும் செல்ல வேண்டாம்.
• நவம்பர் 11 போலந்தின் சுதந்திர நாள். அன்று வார்சாவில் தேசியவாதிகளின் பெரும் ஊர்வலம் நடக்கும். அந்த நேரத்தில் நகர மையத்தைத் தவிர்த்துவிடுங்கள்.
• டிசம்பரில் வார்சாவில் மாலை மூன்றரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மகரிப், இஷா தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வோர் இருவர் மூவராகச் செல்வது நல்லது. இரவு தாமதமானால் செயலி வழியாக வாடகைக் கார் எடுங்கள்.
• வீடு பிடிக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், டிராம் நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு உள்ளதா என்றும் பாருங்கள்.
• பாஸ்போர்ட்டையோ வசிப்பிட அட்டையையோ உடன் வைத்திருங்கள். அவற்றைச் சோதிக்கும் அதிகாரம் காவல்துறை, எல்லைக் காவல் படை போன்ற அரசு அமைப்புகளுக்குத்தான் உண்டு. தெருவில் தாமாக ரோந்து சுற்றும் குழுக்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.
• க்ருஷின்யானி, போஹோனிகி பள்ளிவாசல்களைக் காண விரும்புவோர் பெலாரஸ் எல்லையோரக் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

ஏதேனும் நடந்துவிட்டால்

முதலில் மக்கள் நடமாட்டமுள்ள கடைக்குள்ளோ நிலையத்துக்குள்ளோ சென்றுவிடுங்கள். 112க்கு அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசலாம். காயம் சிறியதானாலும் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். வசையை நினைவிருக்கும் சொற்களிலேயே எழுதி, நேரம், இடம், டிராம் எண், பார்த்தவர்களின் தொடர்பு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடலாம். எனவே புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இன, மத வெறுப்பால் நடந்தது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அது விடுபட்டால் வழக்கு சாதாரணச் சண்டையாகிவிடும். புகார் கொடுத்ததற்கான எழுத்துச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதிகாரிகள் அலட்சியம் காட்டினால், மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் இலவச எண் 800 676 676. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளுக்கு வார்சாவில் தூதரகங்கள் உள்ளன. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கே பெயரைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

அதே முதல் வாரத்தில் ஜமாஅத்தையும் தேடிச் செல்லுங்கள். வார்சா, க்தான்ஸ்க், பொஸ்னான், பியாவிஸ்தோக் முதலிய நகரங்களில் பள்ளிவாசலோ தொழுமிடமோ உண்டு. ஹலால் கடை எது, எந்தத் தெருவில் இரவில் கவனம் தேவை, எந்த வீட்டு உரிமையாளர் நியாயமானவர் என்பதையெல்லாம் ஜும்ஆவுக்குப்பின் சந்திக்கும் சகோதரர்களிடமே கேட்டறியலாம். சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை தொலைபேசியில் "இன்று ஒருவன் என்னைத் திட்டினான்" என்று சொன்னால், நாம் பதறிப்போய் "உடனே கிளம்பி வா" என்கிறோம். இல்லையென்றால் "பொறுத்துப் போ, வெளியே சொல்லாதே" என்கிறோம். இந்த இரண்டுக்கும் பயந்தே பிள்ளைகள் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். சபூர் என்பது அநீதியை மூடி மறைப்பதல்ல. முதலில் முழுவதையும் கேளுங்கள். பிறகு "எங்கே நடந்தது, எழுதி வைத்தாயா, புகார் கொடுத்தாயா, ஜமாஅத்தில் சொன்னாயா?" என்று கேளுங்கள். புகாராகப் பதிவாகாத வசை, அரசின் கணக்கில் நடக்காத வசைதான். ஒருவர் கொடுக்கும் புகார் அடுத்து வரும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

அந்நிய மண்ணில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைப்பானாக.