உடைக்கப்பட்ட தராசும் எழுதப்பட்ட தராசும்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 என்ற எண்ணே பேச்சாக இருக்கும். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பருவம் தப்பி மழை கொட்டும் ஆண்டுகளில் மத்திய அரசு இதைச் சற்றுத் தளர்த்துவதுண்டு. 22 ஆக்க வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. கைப்பிடி நெல்லை வாங்கிக்கொண்டு ஒரு சிறு கருவி எண்ணைக் காட்டுகிறது. அதைச் சரிபார்க்க, விளைவித்தவர் கையில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

அளவைக் கருவி யார் கையில் என்பது பழைய கேள்வி. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், அளவையில் மோசடி செய்வோரையே தலைப்பாகக் கொண்டது. முஸ்லிம் அறிஞர்கள் தராசின் மீது அத்தனை உழைப்பைச் செலுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். உமர் கய்யாமின் சமகாலத்தவரான அல்அஸ்ஃபிஸாரீ, பொன்னில் கலந்த பிற உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் தராசு ஒன்றை நெடுங்காலம் உழைத்துச் செய்தார். சுல்தான் சஞ்சரின் கருவூலக் காப்பாளர், தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சி அதை உடைத்தெறிந்தார். அத்துயரிலேயே அஸ்ஃபிஸாரீ மாண்டார் என பைஹகீ எழுதியுள்ளார்.

கதை அத்தோடு முடியவில்லை. மர்வு நகரில் வாழ்ந்த அல்காஸினீ, அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அவர் அதே சஞ்சரின் கருவூலத்துக்காக அத்தராசை மேலும் செம்மைப்படுத்தினார். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து அதன் கலப்பை அறியும் ஐந்து தட்டுத் தராசு அது. அவர் செய்த பெரிய காரியம் தராசன்று. அதன் உறுப்புகள், செய்முறை, திருத்தும் முறை அனைத்தையும் ஹிஜ்ரி 515-இல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலாக எழுதிவைத்தார். இனி எந்தக் கருவூலக் காப்பாளர் உடைத்தாலும் இன்னொன்றைச் செய்துகொள்ளலாம்.

2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோ எனும் மைக்ரோகன்ட்ரோலர் பலகையைப் பார்க்கும்போது எனக்கு அல்காஸினீயே நினைவுக்கு வருகிறார். அதன் சுற்றுப்படத்தை உருவாக்கியவர்கள் மறைக்கவில்லை. யாரும் பார்த்துச் செய்யலாம் என வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று அத்தகைய பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உணரிகளைச் சிறு கணினியோடு இணைக்கும் இக்கலை நம் பிள்ளைகளுக்கு அந்நியமுமன்று. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியின் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் செய்த 64 கிராம் 'கலாம்சாட்', 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் ஏறியது.

விண்ணுக்குச் சென்ற அதே கலையைக் களத்துமேட்டுக்கும் கொண்டுவரலாம். இரு உலோகத் தகடுகளுக்கிடையே நெல்லை நிரப்பினால் அது ஒரு மின்தேக்கி. ஈரம் மிகுந்தால் அதன் தேக்குதிறன் கூடும். அந்த வேறுபாட்டைப் பலகை அளந்து எண்ணாகத் திரையில் காட்டும். இவ்வளவும் ஒரு மாலை வேலை.

கடினமான பகுதி, அந்த எண்ணை உண்மையாக்குவது. 100 கிராம் மாதிரியை ஆய்வக ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். 83 கிராம் எஞ்சினால் ஈரம் 17 விழுக்காடு. வெவ்வேறு ஈரத்தில் பல மாதிரிகளை இவ்வாறு சோதித்தே அட்டவணை தயாரிக்க வேண்டும். சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகத்தின் அட்டவணை சன்ன ரகத்துக்குப் பொருந்தாது. வெப்பநிலையும், நெல்லை எவ்வளவு இறுக்கமாக நிரப்பினோம் என்பதும் எண்ணை மாற்றும். பொறுமையற்றவர் செய்யும் கருவி, இல்லாத கருவியைவிட மோசமானது.

வீட்டில் செய்த கருவியின் எண் கொள்முதலில் செல்லாது. ஆனால் மூட்டைகளை இன்றே டிராக்டரில் ஏற்றுவதா, இன்னொரு நாள் வெயிலில் பரப்பிக் கிளறுவதா என்பதை வாடகை கொடுக்குமுன் களத்திலேயே முடிவு செய்யலாம். அதிராம்பட்டினத்திலோ கூத்தாநல்லூரிலோ ஓர் இளைஞர் இதைச் செய்து, சுற்றுப்படத்தையும் ரகவாரி அட்டவணையையும் தமிழில் எழுதிவைத்தால், அடுத்த ஊர்க்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.