தோட்டத்து ஆலைகளும் தொழிலாளர் செவிகளும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தையும் கங்காணி முறையையும் லயத்து வாழ்வையும் விரித்துரைத்துள்ளனர். மலைக்காய்ச்சலால் மாண்டோரைப் பற்றிய குறிப்புகளும் உண்டு. ஆயின், ஆலை இரைச்சலில் செவிப்புலனை இழந்தோரைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. காய்ச்சல் ஆளைக் கிடத்திவிடும். உருளையில் கை சிக்கியவன் குருதி சிந்துவான். செவிப்புலன் கெடுவதோ வலியின்றி, ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாக நிகழ்வது. ஆகவேதான் அது எவர் கணக்கிலும் ஏறவில்லை.

ரப்பர் ஆலையில் எண்ணெய் இயந்திரமும் இரும்பு உருளைகளும் ஓடின. 1960களிலும் 1970களிலும் ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபொழுது இரைச்சலும் பெருகிற்று. குலைகளை அவிக்கும் கலங்களினின்று சீறும் நீராவி, பழம் உதிர்க்கும் உருளை, பிழிபொறி, கொட்டை உடைக்கும் பொறி, மின்னாக்கும் சுழலி எனச் செம்பனை ஆலையில் ஓசை எழுப்பாத மூலையே இல்லை எனலாம். பழம் மிகுந்த மாதங்களில் இரவிலும் அது ஓய்வதில்லை. ஆலைக்கு வெளியிலும் விடுதலை இல்லை. ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் இலைநோய்க்குக் கந்தகத்தூள் வீசும் பொறி முதுகில் ஏறியது. பின்னாளில் புல்வெட்டும் இயந்திரம் தோளில் ஏறியது.

இத்தீங்கை உலகம் அறியாதிருக்கவில்லை. வெனிசு நகரத்துச் செப்புக் கன்னார் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713இலேயே எழுதினார். கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர், கடிகார ஓசையைக் கொண்டே கொதிகலன் தொழிலாளரின் செவியைச் சோதித்து 1886இல் முடிவுகளை வெளியிட்டார். ஒலியை அளக்கும் டெசிபெல் என்னும் அலகு 1920களில் வழக்குக்கு வந்தது. இவ்வலகு சாதாரண முழக்கோலைப் போன்றதன்று. மூன்று டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். பத்துக் கூடினால் பத்து மடங்காகும்.

உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். தமிழாசிரியர் ஈண்டு ஒன்றைக் கருதலாம். நம் உயிரொலிகளின் ஆற்றல் பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் அடங்கும். சகரம் போன்ற மெய்கள் உயர்ந்தவற்றைச் சார்ந்தவை. ஆகவே அத்தொழிலாளிக்கு உயிர் கேட்கும், மெய் மங்கும். ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் அவருக்கு ஒன்றே. பள்ளிக்கு வந்த தந்தையர் சிலர் நாம் சொன்னதற்கு வேறு விடை கூறியதைக் கண்டு, ‘விவரமில்லாதவர்’ என ஆசிரியர் அறையில் நகைத்ததுண்டு. அந்நகைப்பு எத்துணைக் கொடியது!

சட்டம் மெல்லவே வந்தது. தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1967இல் இயற்றப்பெற்றது. அதன் கீழ் இரைச்சல் விதிகள் பிறந்ததோ 1989இல். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்பது அன்றைய வரம்பாக இருந்தது. 85ஐ எட்டினாலே செவிச்சோதனை வேண்டும். 115ஐ எந்நேரமும் தாண்டலாகாது. வெடியோசை போன்ற திடீர் ஒலிக்கு 140 எல்லை. பொறியை மாற்றுதல், மூடிக் கட்டுதல், ஆளை முறைவைத்து மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பின்னரே செவியடைப்பான் என்பது முறை. நடைமுறையில் செவியடைப்பானே முதலில் கைக்கு வருவது, அது மலிவானது என்பதனால். பஞ்சைத் திணித்துக்கொள்வதோ பெரும்பயன் தராது.

அவ்விதிகள் தொழிற்சாலைக்கு உரியவையாக இருந்தன. புல்வெட்டியைத் தோளில் சுமந்து வெளிக்காட்டில் நின்றவர் அவற்றின் வேலிக்கு அப்பால் இருந்தார். 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேளாண்மையையும் தழுவியது. அதன் கீழ் 2019இல் வந்த புதிய விதிகளே வரம்பை 85ஆகக் குறைத்து, வெளிக்காட்டுக்கும் இரைச்சல் காப்பை நீட்டின.

இதற்கிடையில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நீலாய், லாபு வட்டாரத்தை ஒட்டிய சிப்பாங்கில் 1998இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆலையில் உழைத்தோர் நகர்ப்புறங்களுக்குச் சிதறினர். இரைச்சலால் நேரும் செவிட்டுத்தன்மைக்குச் சொக்சோ இழப்பீடு உண்டு. ஆனால் கேடு தொழிலால் நேர்ந்தது எனக் காட்டல் வேண்டும். வேலையில் சேர்ந்த நாளில் செவியை அளந்து குறித்த தாள் ஒன்றும் இல்லாத முதியவர், பூட்டிய ஆலையின் இரைச்சலை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? இன்று அதே தோட்டங்களில் புல்வெட்டியைச் சுமப்போர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள்.