இன்சுலா என்ற சொல்லும் எங்கட தீவகமும்

பெனின்சுலா, இன்சுலேஷன், இன்சுலின், இன்சுலர். இந்த நாலு இங்கிலீஷ் சொல்லையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கோ. நாலுக்குள்ளயும் ஐ, என், எஸ், யு, எல் என்ற ஐந்து எழுத்து அதே வரிசையில் நிற்கும். முதலாவது புவியியல் பாடத்தில் வருவது. இரண்டாவது வயரிங் செய்கிற ஆக்கள் கதைப்பது. மூன்றாவதை நீரிழிவுக்காரர் ஊசியில் ஏற்றுகிறார்கள். நாலாவது, ஒருவரைக் குறுகிய மனக்காரர் என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல உதவுவது. சம்பந்தமே இல்லாதவை மாதிரித் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தாய்ச்சொல் 'இன்சுலா'. இலத்தீன் மொழியில் அதற்குத் 'தீவு' என்று பொருள்.

இன்சுலேஷன் என்றால் ஒரு பொருளைச் சுற்றிவர மூடி, மற்றதோடு தொடர்பில்லாமல் பண்ணுவது, அதாவது தீவாக்குவது. 2020இல் எல்லார் வாயிலும் புரண்ட 'ஐசொலேஷன்' கூட இதே குடும்பம்தான். இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி வந்ததில் எழுத்துகள் கொஞ்சம் தேய்ந்துபோயின. இன்சுலர் என்றால் தீவு மனப்பான்மை. வெளியுலகம் தெரியாதவர் என்ற ஏளனம் அதுக்குள்ள இருக்கு.

இந்தச் சொற்களுக்கு இப்படி அர்த்தம் கொடுத்தவர்கள் தீவைக் கரையில் நின்று பார்த்தவர்கள் போல. எங்கட பக்கத்திலும் இந்தப் பார்வை இல்லாமல் இல்லை. 'தீவார்' என்று யாழ்ப்பாணத்தில் ஒரு இளக்காரத்தோடு சொல்வதைத் தீவகத்துப் பிள்ளைகள் கேட்டுத்தான் வளருகிறார்கள். இதில் ஒரு பகிடி இருக்கு. பெனின்சுலா என்ற சொல்லைப் பிரித்தால் 'கிட்டத்தட்டத் தீவு' என்று வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆகவே குடாநாட்டுக்காரரும் முக்கால்வாசி தீவார்தான்!

சரி, தீவு என்றால் உண்மையிலேயே தனித்துக் கிடப்பதா? எங்கட தீவகத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும் என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மிச்சம் உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. யோசிச்சுப் பாருங்கோ: கப்பலே வராத இடத்தில் கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கல்லில் வெட்டமாட்டார்கள். சிங்கள நாட்டு அரசன், தமிழில், வெளிநாட்டு வணிகருக்காக எழுதுவித்த சட்டம் ஒரு சின்னத் தீவில் நிற்கிறது. இதையா 'இன்சுலர்' என்பது?

போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையைக் 'காய்ஸ்' என்றார்கள். அவர்களுடைய மொழியில் அது கப்பல் அணையும் துறைமேடை. யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. இன்று ஆங்கிலத்தில் எழுதும் 'கைற்ஸ்' அதிலிருந்து வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கட நகரங்களின் பெயரை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரர்டாம். டெல்ஃப்ட் இன்றும் ஆங்கிலத்தில் நிலைச்சு நிக்குது.

காரைதீவின் கதை இன்னும் சுவாரசியம். 19ஆம் நூற்றாண்டில் பொன்னாலையிலிருந்து கடலுக்குக் குறுக்கே தாம்போதி போட்டார்கள். பிறகு 1920களில் ஊரின் பெயரே காரைநகர் என்று மாறியது. பாதை வந்தது, பெயரிலிருந்து தீவு போனது.

அப்படியென்றால் தனிமை எப்போது வந்தது? கடல் இருந்ததால் அல்ல, கடலில் போக முடியாமல் பண்ணியதால் வந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். 1990இல் படையினர் தீவகத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றியபோது பல ஊர்கள் வெறிச்சோடின. ஐசொலேஷன் என்ற சொல்லின் சரியான அர்த்தம் அதுதான்: ஒரு இடம் தானாகத் தனிமையாவதில்லை, யாரோ தனிமைப்படுத்துகிறார்கள்.

இன்சுலினை விட்டுவிட்டோம். 1869இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கணையத்துக்குள் தனித்தனிக் கூட்டமாகக் கிடந்த செல்களைக் கண்டு எழுதினார். பார்க்கக் குட்டித் தீவுகள் மாதிரி. பின்னால் அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்றே பெயர் வந்தது. அங்கே சுரப்பதால்தான் அது இன்சுலின். 1921இல் அதை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். இன்று எங்கட தீவகத்து ஆக்கள் நிறையப்பேர் வாழுகிற அதே நகரம். அந்தக் குட்டித் தீவுகள் சுரப்பதை இரத்தம் உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. அந்த ஓட்டம் நின்றால் தீவுக்கு மட்டுமில்லை, முழு உடம்புக்கும் ஆபத்து.

நெடுந்தீவில் ஒருவருக்குக் கடும் வருத்தம் என்றால் இன்றும் கடல் கடந்துதான் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். காற்றுக் கடுமையான நாளில் அது லேசான பயணமில்லை. இதைத் 'தீவு என்றால் அப்படித்தான்' என்று கடந்துபோகிறவர்களிடம் நாங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான். 12ஆம் நூற்றாண்டில் உடைந்த கப்பலுக்கே சட்டம் இருந்த இடத்தில், இப்போது ஒழுங்கான படகுச் சேவை கேட்பது பெரிய ஆசையா?