இரைப்பை அறுவையும் இரத்தச் சர்க்கரையும்

சித்தூரில் குடியிருக்கும் தமிழருக்கு வேலூர் அயலூர் அன்று. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கியது அவ்வூரே. எல்லை மாறிய பின்னரும் நோயாளிகளின் பாதை மாறவில்லை. திருப்பதியில் 1960-இல் மருத்துவக் கல்லூரியும், 1993-இல் தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையமும் தோன்றிய பிறகும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நாடிச் செல்வோர் இன்றும் உண்டு.

தென்னாட்டில் அந்நாளில் பலரை வாட்டிய நோய் குடற்புண். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் சென்ற குழுக்களில் இருந்த ஆங்கிலேய மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், மலையை விட்டு நெய்யூருக்கு வந்து, இந்நோய்க்கு ரண சிகிச்சை செய்வதில் பெரும் பெயர் பெற்றார். 1949-இல் வேலூருக்கு வந்து மாணவர்க்கும் கற்பித்தார். இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்து, உணவு புண்ணுள்ள இடத்தைத் தொடாமல் செல்ல வழி செய்வதே அச்சிகிச்சை. சர்க்கரையைப் பற்றி அன்று எவரும் எண்ணவில்லை.

ஆயினும் குறிப்பு அங்கேதான் இருந்தது. புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்ட நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சர்க்கரை விரைந்து தணிந்ததென அமெரிக்க மருத்துவர்கள் 1955-இல் எழுதினர். படித்தவர் மறந்தனர் போலும். இத்தகைய நோயாளிகள் இளைத்தே இருப்பதைக் கவனித்த அயோவா நகரத்து எட்வர்ட் மேசன், தம் துணைவர் இத்தோவுடன் சேர்ந்து, பருத்த உடலை மெலிவிக்கும் இரைப்பை மாற்றுவழி அறுவையை 1967-இல் வெளியிட்டார். இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதனைக் குடலோடு இணைப்பது அது.

வியப்பு 1995-இல் வெளிப்பட்டது. வால்டர் போரீஸ் என்பவரும் அவர் குழுவினரும் இவ்வறுவை செய்துகொண்ட நீரிழிவாளர் 146 பேரை ஆராய்ந்தபோது, 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலையில் நின்றது. எடை குறைந்தமையால் சர்க்கரை குறைந்தது என்று சொல்லிவிட முடியவில்லை. பலருக்கு எடை இறங்குமுன், சில நாள்களிலேயே சர்க்கரை இறங்கிவிட்டது.

காரணம் என்ன? முதல் நாள்களின் அரைப்பட்டினியால் கல்லீரலின் சர்க்கரை உற்பத்தி தணிகிறது, இது ஒன்று. மற்றொன்று நுட்பமானது. உணவு விரைவில் கீழ்க்குடலை அடைகிறது. அங்குள்ள உயிரணுக்கள் ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரந்து, இன்சுலினைத் தருமாறு கணையத்தைத் தூண்டுகின்றன. பசியும் அடங்குகிறது. வெறும் உணவுக்குழாய் என்று நாம் கருதிய குடல், செய்தி அனுப்பும் உறுப்பாகவும் விளங்குகிறது.

நம்மவர்க்கு இது பயன்படுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் எம். விசுவநாதன் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய நாள் முதல் உணவும் மருந்துமே சிகிச்சையின் அடிப்படை. அறுவை அதற்குப் பின்னரே வரும். ஆசியருக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஆதலால், மருந்துக்கு அடங்காத நோய்க்கு அறுவையை எண்ணிப் பார்க்கலாம் என்னும் உடல் நிறைக் குறியீட்டு எல்லை பிறர்க்கு 30 எனில் ஆசியர்க்கு 27.5 என்று 2016-இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூறின.

ஆனால் இதனை நிரந்தரக் குணம் என விளம்பரம் செய்வோரை நான் நம்பேன். கிளீவ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மாற்றுவழி அறுவை செய்துகொண்டவருள் சர்க்கரை இலக்கை எட்டியோர் முதல் ஆண்டில் நூற்றுக்கு 42 பேர். ஐந்தாம் ஆண்டில் 29 பேர். மருந்தை மட்டும் கொண்டவருள் ஐந்தாம் ஆண்டில் எட்டியோர் 5 பேரே என்பதையும் சொல்லவேண்டும். மேலும், இரும்புச் சத்தும் பி-12 உயிர்ச்சத்தும் குறையாதபடி வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும்.

பழைய குடற்புண் நோயாளிகள் அறிந்த தொல்லை ஒன்று இவர்களையும் பற்றும். இனிப்பை மிகுதியாக உண்டால் சிலருக்குச் சற்று நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும். அவ்வாறு வருந்துவோர் திருமலையிலிருந்து வந்த லட்டுவில் ஒரு கிள்ளு மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வீட்டாருக்குக் கொடுத்துவிடுதல் நலம்.