சோதனையும் பறிமுதலும்: கேமரன் மலைத் தோட்டங்கள்

சோதனை, பறிமுதல் என்பன, ஒருவருடைய இல்லத்தினுள் புகுந்து தேடுவதற்கும் அகப்பட்ட பொருளைக் கைப்பற்றுவதற்கும் அரசாங்க உத்தியோகஸ்தருக்குச் சட்டம் அளிக்கும் அதிகாரங்களாம். அவற்றுக்கு எல்லை வகுப்பது அந்தரங்க உரிமை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டுத் தமிழர் கொழுந்து பறித்துவந்த பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தொழிலாளி குடியிருக்கும் லயம் தோட்டத்தின் சொத்தாகவே இருந்தமையால், இவ்வுரிமை யாரைச் சார்ந்தது என்னும் வினா தனி முக்கியத்துவம் பெறுகிறது.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்திய நடைமுறைச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. கைப்பற்றிய பொருள்களையும் அவை கிடைத்த இடங்களையும், தகரப் பெட்டியா, பரணா, சாமி படத்தின் பின்புறமா என்பது விளங்க, பட்டியலிட்டுச் சோதனை செய்தவர் கையொப்பமிட வேண்டும் என்று அதன் 64-ஆம் பிரிவு விதிக்கிறது. சோதனையின்போது உடனிருக்கவும் கேட்டால் பட்டியலின் நகலைப் பெறவும் 65-ஆம் பிரிவு உரிமை அளிப்பது வீட்டின் சொந்தக்காரருக்கன்று, அதில் குடியிருப்பவருக்கே. ஆதலின் லயத்து வீட்டில் அவ்வுரிமை தொழிலாளியுடையது, தோட்ட நிர்வாகியான துரையின் சம்மதம் அதற்கு ஈடாகாது. பெண்ணைச் சோதிக்க நேர்ந்தால் கண்ணியம் வழுவாமல் பெண்ணே சோதிக்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு.

இவ்வரம்புகளை 1948 ஜூன் முதல் 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலம் சிதைத்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டு போராளிகளுக்கு உணவு எட்டலாகாது என்னும் நோக்கத்தால், அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. விற்கும் தகர டப்பாவைக் கடைக்காரர் அப்போதே துளையிட்டுக் கொடுத்தார். சில இடங்களில், சோறு விரைவில் புளித்துவிடும் என்பதால், அரிசிக்குப் பதிலாகப் பொதுச் சமையலறைச் சோறே வழங்கப்பட்டது. வேலைக்குப் புறப்படுவோரின் பையும் உடையும் வாயிலிலேயே தடவிப் பார்க்கப்பட்டன. குற்றமேதும் புரியாத குடும்பங்கள் நாள்தோறும் சந்தேகத்துக்கு ஆளாயின, இது பெருங்கொடுமையே.

சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சாட்சியம், வழக்குக்குச் சம்பந்தமுடையதாயின், செல்லும் என்று கென்யாவின் குருமா வழக்கில் லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்ஸில் வகுத்த விதியை மலேசிய நியாயஸ்தலங்களும் பின்பற்றின. சோதனை முறைதவறினும் பொருள் தப்புவதில்லை என்பதே இதன் பலன்.

அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எனினும் 5-ஆம் ஷரத்தின் தனிமனித சுதந்திரத்துள் அதுவும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் மொழிந்தது. ஆயினும் அவ்வாண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இன்று தோட்டங்களில் உழைப்போரிற் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அவர்தம் குடியிருப்புகளை நீதிமன்ற ஆணையின்றியே சோதிக்க இடமளிக்கிறது.