லாலி டேராவைத் தூக்கினான்

செங்கற்பட்டிலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். என் தொடர்கதையை வாராவாரம் படிக்கிறவர். ஆகவே என்னைக் கோபித்துக்கொள்ள முழு உரிமை படைத்தவர்.

"ஐயா, 1759 பிப்ரவரி 17-ந் தேதி லாலி சென்னைக் கோட்டைக்கு முற்றுகை எழுப்பினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் அவன் ஓட்டம் பிடித்தான். தாங்கள் பார்த்த இங்கிலீஷ் புத்தகத்தை இன்னொரு முறை பார்க்கவும்."

பார்த்தேன். புத்தகம் சரியாகத்தான் இருந்தது. அதைத் தமிழாக்கிய மனிதர்தான் தவறிவிட்டார். லாலி முற்றுகையை 'ரெய்ஸ்' செய்தான் என்று அதில் இருந்தது. ரெய்ஸ் என்றால் உயர்த்துவது, எழுப்புவது. சுவரை எழுப்பினாலும் ரெய்ஸ், பட்டாளம் திரட்டினாலும் ரெய்ஸ். முற்றுகையை மட்டும் விட்டுவைப்பானேன் என்று அதையும் எழுப்பிவிட்டேன். ஓவியரோ என்னை நம்பி, உருவிய வாளுடன் லாலியைக் குதிரைமேல் ஏற்றிவிட்டார்!

முற்றுகையை ரெய்ஸ் செய்வதென்றால் அதைக் கைவிட்டுப் போவது என்று பொருள். இது இங்கிலீஷ்காரனின் கோணல் புத்தி என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அரசன் கோயில் எடுத்தான் என்றால் கட்டினான். கொட்டகையை எடுத்தான் என்றால் பிரித்துவிட்டான். எத்தனையோ நாள் தங்கிய விருந்தாளி ஒருவழியாக டேராவைத் தூக்கினார் என்கிறோமே, அந்தத் தூக்கல்தான் லாலியின் ரெய்ஸ்.

விஷயம் இத்தோடு போகவில்லை. காதுக்கு அச்சாக இதே ஓசையில் இன்னொரு ரெய்ஸ் இருக்கிறது. அதற்கு எஸ் கிடையாது, இஸட். அதன் அர்த்தம் தரைமட்டமாக்குதல். 'சுரண்டுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சவரக்கத்திக்கு ரேஸர் என்று பெயர் வந்ததும் அதே வழியில்தான். அதாவது கோட்டைக்கு மொட்டை அடிப்பது. எழுப்புகிற சொல்லும் இடிக்கிற சொல்லும் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. துபாஷிகள் காலத்தில் எஜமானன் வாய்மொழியாக உத்தரவு போட்டிருந்தால் என்ன கதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் லாலியின் கதையில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. 1758 ஜூனில் அவன் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தான். பிடித்ததோடு நில்லாமல் இடித்துத் தள்ளினான். இது இஸட் போட்ட ரெய்ஸ். அந்தப் பயத்தில் இங்கிலீஷ்காரர்கள் வெளியூர்க் காவல்களையெல்லாம் சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். செங்கற்பட்டுக் கோட்டையும் காலியாயிற்று. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே நடந்து போயிருக்கலாம். போகவில்லை. இங்கிலீஷ்காரர்கள் சுதாரித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

டிசம்பரில் லாலி சென்னைமேல் படையெடுத்தான். வழியில் செங்கற்பட்டு. ஏரியும் சதுப்பும் சூழ்ந்த இடம், பிடிக்க நாளாகும். அவனிடம் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கோட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனான். பிறகு இரண்டு மாதம் அவன் சென்னைக் கோட்டையைப் பீரங்கியால் அடித்துக்கொண்டிருந்தபோது, செங்கற்பட்டிலிருந்த காப்டன் பிரஸ்டனும், மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப்கானும் அவன் பின்புறத்தை ஓயாமல் குடைந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் பாதையில் நிம்மதி இல்லை. முற்றுகைக்கு அனுப்ப வேண்டிய ஆட்களை இவர்களைத் துரத்த அனுப்ப வேண்டியிருந்தது. இரு தரப்புக்கும் தானியமும் மாடும் கொடுத்து அழிந்த செங்கற்பட்டுக் குடியானவர்களைப் பற்றி எழுத எந்த இங்கிலீஷ் புத்தகத்துக்கும் பக்கம் போதவில்லை.

பிப்ரவரி 16-ந் தேதி பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் தெரிந்தன. மறுநாள் லாலி போய்விட்டான். பெரிய பீரங்கிகளையும், நடக்க முடியாத நோயாளிகளையும் விட்டுவிட்டு. தேவனாம்பட்டினத்தை இஸட் போட்டு முடித்தவனுக்குச் செங்கற்பட்டிலும் அதைச் செய்யப் பொறுமை இருந்திருந்தால், சென்னையில் எஸ் போட வேண்டி வந்திருக்குமா? கப்பல்கள் எப்படியும் வந்திருக்கும் என்று வாதிக்கலாம். எனக்கென்னவோ செங்கற்பட்டின் பேரில்தான் சந்தேகம்.

அதற்கப்புறம் வட்டி கட்டுகிற காலம். 1760-ல் ஆலம்பரைக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் பிடித்து இடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. தேவனாம்பட்டினத்துக்குப் பதிலடியாக அதன் மதில்களையும் பெயர்த்துப் போட்டார்கள். யூசுப்கானை அதே இங்கிலீஷ்காரர்களும் நவாபும் 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். லாலியின் தலை 1766-ல் பாரிஸில் வெட்டுப்பட்டது.

குற்றம் செய்தவன் ஸ்தலத்துக்குப் போக வேண்டும் அல்லவா? செங்கற்பட்டுக்கே போனேன். ரெயில்பாதை பழைய கோட்டைக்குள்ளேயே போகிறது; அந்த வழியாகப் பயணம் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! அங்கிருந்து கடற்கரைக்குப் போய், தெற்கே கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரையைப் பார்த்தேன். செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சில மதில் துண்டுகள், ஒரு பக்கம் உப்பங்கழி, அப்பால் கடல். இங்கிலீஷ்காரன் மிச்சம் வைத்ததில் 2004-ஆம் வருஷத்துச் சுனாமியும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் இறங்கினேன். ஐந்து ரதங்களின் முன் நின்றபோது, என் இலக்கணம் மறுபடியும் குழம்பியது. ராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயில், கல்லின்மேல் கல் வைத்து எழுப்பியது. எஸ் எழுத்துச் சமாசாரம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முந்திய இந்த ரதங்களை யாரும் எழுப்பவில்லை. பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தில் மேலே சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. அடித்தளம் இன்னும் முடியவில்லை. சுரண்டிச் சுரண்டியே வந்த கோயில்! அந்த லத்தீன் சொல்லுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டென்று புதுச்சேரியை இடித்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கதை புத்தகமாக வந்தபோது அந்த வரியை, "லாலி டேராவைத் தூக்கினான்" என்று திருத்தினேன். ஒரு பிரதியைச் செங்கற்பட்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது:

"லாலி சரியாகிவிட்டான். சந்தோஷம். படத்தில் அவன் இன்னும் வாளை உருவிக்கொண்டு முன்னால் போகிறானே, அவனை யார் திருப்புவது?"