மத்திய கோட்டைக் கடக்கும் விமானங்கள்

நடுவானில் விமானம் திடீரெனத் தாழும்போது, "காற்று வெற்றிடத்தில் விழுந்துவிட்டது" என்று சொல்வது எம்மவர் வழக்கம். செய்தித்தாள்களிலும் அவ்வாறு எழுதப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உண்மையில் வானத்தில் அப்படியொரு வெற்றிடம் இல்லை. மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் அடுத்தடுத்து வந்து விமானத்தைத் தாக்குவதையே நாம் அவ்வாறு உணர்கிறோம்.

வெப்பமண்டலக் கடல்களின் மேல் இதற்கென்றே ஒரு வலயம் உண்டு. வட அரைக்கோளத்திலிருந்தும் தென் அரைக்கோளத்திலிருந்தும் வரும் வியாபாரக் காற்றுகள் மத்திய கோட்டை அண்டிச் சந்தித்து மேலெழுகின்றன. வளிமண்டலவியலாளர் இதனை இடை அயன ஒடுங்கல் வலயம் என்பர். பாய்க்கப்பல் மாலுமிகள் காற்றின்றி நாட்கணக்கில் தவித்த கடற்பகுதியும் இதுவே. வியாபாரக் காற்றுகளை 1686இல் எட்மண்ட் ஹேலி வரைபடமாக்கினார்; 1735இல் ஜோர்ஜ் ஹட்லி அவற்றின் திசைக்குப் புவியின் சுழற்சியைக் கொண்டு விளக்கம் தந்தார். இவ்வலயத்தின் இடிமுகில்கள் 16 கிலோமீற்றர் உயரத்தையும் தாண்டக்கூடியவை. பயணிகள் விமானங்கள் பறப்பதோ 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில். ஆகவே, இவற்றுக்கு மேலால் செல்ல இயலாதபோது சுற்றித்தான் செல்ல வேண்டும்.

இவ்வலயத்தை வழமையாகக் கடந்த ஆரம்பகால விமான சேவைகளுள் ஒன்று எமது நாட்டுடன் தொடர்புடையது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கான வான்வழி துண்டிக்கப்பட்டது. அதனை மீண்டும் இணைக்க, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலைக்கும் பேர்த்துக்குமிடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா கடல் விமானங்களை இயக்கத் தொடங்கியது. பயணநேரம் 27 முதல் 33 மணித்தியாலங்கள். பயணிகள் மூவர் மட்டுமே. வழியில் இரு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டதால் 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' என்ற பெயர் நிலைத்தது. முகில்களுக்கு மேலே ஏறும் வலு அவ்விமானங்களுக்கு இருக்கவில்லை. எதிரிக்கு அஞ்சி வானொலி மௌனம் காத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே வழியறிந்தனர். எனவே முகிற்கூட்டம் அவர்களைக் குலுக்கியது மட்டுமன்றி, வழிகாட்டியையும் மறைத்தது. 1945 ஜூலையில் சேவை முடியும்வரை 271 தடவைகள் இந்து சமுத்திரம் கடக்கப்பட்டது.

1950களில் பயணிகள் விமானங்களில் வானிலை ராடர் பரவலாயிற்று. அது மழைத்துளிகளை நன்கு காட்டும்; முகிலின் உச்சியிலுள்ள பனிப்பளிங்குகளை அவ்வளவாகக் காட்டாது. 2009 ஜூன் 1ஆம் திகதி ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447, அத்திலாந்திக்கின் மேல் இவ்வலயத்தில் 228 பேருடன் வீழ்ந்தது. கொந்தளிப்பு அதனை உடைக்கவில்லை. வேகமறியும் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்தன, தன்னியக்கி விலகியது, அதன்பின் விமானிகள் விமானத்தின் மூக்கை உயர்த்தியதால் அது ஏந்துவிசையை இழந்தது.

2024 மே 21ஆம் திகதி சிங்கப்பூர் எயர்லைன்ஸின் 321ஆம் இலக்க விமானம் தென் மியன்மாரின் மேல் குலுங்கியது. அதன் உயரம் குறைந்தது வெறும் 178 அடி. ஆனால் ஆசனப்பட்டி அணியாதோர் மேலே தூக்கி எறியப்பட்டுப் பின் கீழே வீழ்ந்தனர். பட்டி அணியுமாறு விளக்கு எரிந்து சுமார் எட்டு வினாடிகளில் இது நேர்ந்தது. பலர் காயமுற, ஒருவர் உயிரிழந்தார். விமானமோ பாங்கொக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது.

இவ்வரலாறு பயணிக்குச் சொல்வது எளியது. கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியா செல்வோர் இவ்வலயத்தைக் கடக்க நேரலாம். ஜூலையில் அது வடக்கே நகர்ந்து தென்னாசியாவை அணுகும். ஜனவரியில் மத்திய கோட்டுக்குத் தெற்கே இறங்கும். பெரும்பாலும் சில நிமிட அதிர்வுடன் பயணம் தொடரும், கடுங்கொந்தளிப்பு அரிது. நவீன விமானத்தின் உடல் அதனைத் தாங்கும். கட்டப்படாத மனித உடல் தாங்காது. விளக்கு அணைந்த பின்னரும், ஆசனத்தில் இருக்கும்வரை பட்டியைக் கழற்றாதிருங்கள்.